கூனியின் முதுகில் ஒரு புள்ளி

மொன்டானா,
9 ஜூன் 2024

அன்புள்ள மதி அக்காவுக்கு,

வாணி எழுதுகிறேன். நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவின் சர்க்கரை?

கடிதத்தைப் பார்த்து பயந்துவிடாதே. அம்மா போன இந்த எட்டு மாதத்தில் நாம் போனில் பேசியதை யோசித்துப் பார்த்தேன். நீ "சாப்ட்டியா" என்கிறாய். நான் "சாப்ட்டேன்" என்கிறேன். அம்மா பேச்சு வருகிறது. இருவரும் அழுகிறோம். "ஷிஃப்டுக்கு நேரமாவுது" என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால் இனி மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை. கடிதத்தில் எழுதுவதைப் போனில் பேசக் கூடாது.

அவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்றானதும் டல்லாஸை விட்டு இந்தச் சின்ன ஊருக்கு வந்தோம் அல்லவா. நாலு கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு அணை. அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில் ட்ரௌட் என்ற மீனைப் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பிடித்து, போட்டோ எடுத்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அவர்களுக்குத் தூண்டில் விற்கும் கடையில் வாரம் மூன்று நாள் நிற்கிறேன். கடைக்காரர் பெயர் டக். வாத்து இல்லை, டக்ளஸ்.

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு முதல் வேலை. சிரிக்காதே.

உன் தங்கை,
இசைவாணி


சேரப்பணஞ்சேரி,
7 ஜூலை 2024

அன்புள்ள வாணிக்கு,

பதினெட்டு நாளில் உன் கடிதம் வந்தது. முழங்கால் படியேறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது. மாமா வேன் ஓட்டிவிட்டு வந்து மாத்திரை போட்டுக்கொள்கிறார். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. "பார்த்து பயந்துவிடாதே" இல்லை, "பார்த்துப் பயந்துவிடாதே". நடுவில் ப் வரும். தாளில் ஓரமும் விடவில்லை. பத்தாம் வகுப்பிலேயே உனக்கு இதைச் சொன்னேன்.

சிரிக்கவில்லை. உன் நிபந்தனை எனக்கும் வசதிதான். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். இதைக் கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் ஒரகடம் சாலையைக் குறை சொல்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் விலங்கியல் துறையை மூடியதிலிருந்து மூன்று வருடமாக என் வேலை இதுதான்: கார் டாஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் கிளிப். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு கரும்புள்ளி இருந்தாலும் என்.ஜி. அதாவது 'நாட் குட்'. சிவப்புப் பெட்டிக்குப் போக வேண்டும். பக்கத்தில் ஷெர்லின் என்று ஒரு பெண். அவள் ஓகே போட்டதையும் நான் எட்டிப் பார்ப்பேன். "இன்னாக்கா, உனுக்கு இருக்கறது கண்ணா, ஸ்கேனரா? வூட்ல மாமா இட்லியக்கூட உன்கிட்ட காட்டிட்டுத்தான் துன்னுவாரா?" என்று கேட்கிறாள்.

உன் மீன் விளையாட்டு எனக்குப் புரியவில்லை. அது கிடக்கட்டும். அந்த மீன் எதைத் தின்கிறது?

அக்கா,
மதிவதனி


மொன்டானா,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதமும் சௌக்கியமாக வந்து என்னைத் திட்டியது. இந்த முறை ஒவ்வொரு ப்-பையும் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஓரமும் விட்டிருக்கிறேன்.

மீன் எதைத் தின்கிறது என்று நீ கேட்டதை டக்கிடம் கேட்டேன். ஆற்றுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அணையின் அடியிலிருந்துதான் தண்ணீரைத் திறக்கிறார்களாம். அதனால் கோடையிலும் கால் மரத்துப்போகிற குளிர். பனிக்காலத்தில் உறைவதும் இல்லை. ஓரமெல்லாம் பச்சைப் பசேல் என்று நீர்ப்பூண்டு. டக் ஒரு கொத்தைப் பிடுங்கி என் கையில் உதறினார். உள்ளங்கை முழுக்கத் துள்ளல். அக்கா, கூனி! படப்பையில் அம்மா கத்திரிக்காயோடு போட வாங்குவாளே, அந்தக் கூனி, உயிரோடு. அதே வளைந்த முதுகு. ஒருக்களித்துச் சாய்ந்து நீந்துகிறது. இவர்கள் ஸ்கட் என்கிறார்கள். நான் கூனி என்றேன். இப்போது டக்கும் "கூ...னீ" என்று ராகம் போடுகிறார்.

ட்ரௌட்டுக்கு இதுதான் சோறு. வருடம் முழுக்கக் கிடைப்பதால் மீன் கொழுத்துக் கிடக்கிறது. கடையில் தூண்டில் முள்ளின் மேல் நூலையும் முடியையும் சுற்றிப் பொய்க் கூனி கட்டி விற்கிறோம். சாம்பல், பச்சை, ஆரஞ்சு. செத்த கூனி ஆரஞ்சாகிவிடும், அதற்காக ஆரஞ்சு. எனக்கு நன்றாகக் கட்ட வருகிறது. பூ கட்டிய விரல் அல்லவா.

உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். நீ படித்ததுதானே?

வாணி


சேரப்பணஞ்சேரி,
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வாணிக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

அது படப்பையில் வாங்கும் கூனி இல்லை. அது குட்டி இறால். இது வேறு வரிசை. முதுகு வளைந்திருந்தால் மட்டும் ஒன்றாகிவிடாது. இதன் பெயர் கம்மரஸ். என் எம்.எஸ்சி. ரெக்கார்டு நோட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. மேடம் 'குட்' போட்ட படம். நான் அதை உயிரோடு பார்த்ததில்லை. ஆய்வகத்தில் ஒரு குப்பியில் ஒன்றே ஒன்று, நிறமெல்லாம் போய், அடியில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் வரைந்தேன். அதன் வகையறாக்களை நம் பக்கத்து ஏரிகளில் தேடுவதுதான் என் ஆராய்ச்சியாக இருந்திருக்கும்.

ஆராய்ச்சி செய்யப் போகிறேன், கல்யாணம் வேண்டாம் என்று, என்னைப் பெண் பார்க்க வந்த பகலவன் வீட்டாரிடம் சொன்னது நான்தான். காபி தம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர்கள் உன்னைக் கேட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மறு வருடமே அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, என் ஆராய்ச்சி அதோடு நின்றது. அதற்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. இருபத்தோரு வருடமாக நாம் பேசாததை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பஸ் இருங்காட்டுக்கோட்டை ஆட்களை இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டு போகிறது. நேரம் நிறைய இருக்கிறது. ஷெர்லின் எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா, லவ் லெட்டரா?" என்கிறாள்.

கையில் துள்ளியது என்று எழுதியிருந்தாய். எப்படித் துள்ளியது? கூசுமா, குத்துமா?

வேண்டாம், எழுதாதே. உன் வேலையைப் பார்.

மதி


மொன்டானா,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அவருக்கு லேசாகச் சளி. மற்றபடி குறையில்லை. நீ மழையில் நனையாதே.

கூசும். ஈரக் கொசு உட்கார்ந்து எழுந்து போகிற மாதிரி. நூறு கொசு.

ஒரு பெரிய செய்தி. அணையின் மதகைப் பழுது பார்க்க ஜனவரியில் மூன்று வாரம் தண்ணீரைக் குறைக்கப் போகிறார்களாம். ஓரத்துப் பூண்டெல்லாம் காயும். கூனி சாகும். பிறகு அது பழையபடி பெருகுமா, பெருகாதா என்று ஆற்றுச் சங்கம் சொல்ல வேண்டும். பெருகும் என்றால் சம்மதம், இல்லையென்றால் தடை. கூனியை எண்ணும் வேலையை டக் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். சரியாகச் செய்தால் மார்ச்சிலிருந்து சங்கத்திலேயே வேலை. எனக்கென்று மேஜை, மைக்ராஸ்கோப், பெயர் போட்ட அட்டை. இத்தனை வருடத்தில் பகலவன் மனைவி என்று இல்லாமல் என் பெயர் மட்டும் எழுதிய அட்டை.

பத்து இடத்தில் அள்ளினேன். பத்துக் கூனியில் ஆறுக்கு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி. நண்டு வாங்கும்போது அம்மா ஓட்டைத் தூக்கிப் பார்த்து, "ஆரஞ்சா கீது பாரு, சினை நண்டு, போடு" என்பாளே. பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. டக்கும் முட்டைதான் என்கிறார். அப்படியென்றால் ஆறெங்கும் சினைக் கூனி. தண்ணீர் குறைந்தாலும் பெருகிவிடும். டிசம்பர் 4 கூட்டத்தில் அப்படித்தான் வாசிக்கப் போகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆள் வருவார்களாம்.

ஒரு முறைக்கு மூன்று முறை எண்ணி பார்த்தேன். போட்டோவும் நான் வரைந்த படமும் உள்ளே இருக்கின்றன. நீ பார்த்து ஓகேயா, என்.ஜி.யா சொல். நீ சொன்னால்தான் வாசிப்பேன்.

வாணி


சேரப்பணஞ்சேரி,
17 அக்டோபர் 2024

அன்புள்ள வாணிக்கு,

மாப்பிள்ளைக்குச் சளி போய்விட்டதா? நாங்கள் நலம்.

போட்டோவும் படமும் கிடைத்தன. படம் மிகவும் நன்றாக இருக்கிறது. எண்ணிய விதமும் தெளிவாக இருக்கிறது. தாராளமாக வாசி. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

கம்பெனியில் ஆயுத பூஜை நடந்தது. யாரோ ஆர்வத்தில் பூதக்கண்ணாடி லென்ஸின் நடுவிலேயே குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்கள். ஷெர்லின் பொரியைக் கொறித்துக்கொண்டே, "சூப்பர்க்கா. இன்னிக்கு எல்லா பீஸும் என்.ஜி.தான்" என்றாள். வெகுநேரம் சிரித்தோம்.

வேறு விசேஷம் இல்லை.

மதி


(பட அட்டை)
8 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். இங்கே முதல் பனி. கரையெல்லாம் வெள்ளை. ஆறு மட்டும் உறையாமல் வெந்நீர் அண்டா மாதிரி புகைகிறது. நீ கண்ணை ஒரு தடவை டாக்டரிடம் காட்டு. எழுத ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுது. கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வாணி


சேரப்பணஞ்சேரி,
12 நவம்பர் 2024

அன்புள்ள வாணிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் புள்ளி சினை இல்லை. சினை வயிற்றுப் பக்கம், கால்களுக்கு நடுவே ஒரு பையில் இருக்கும். உன் புள்ளி முதுகை ஒட்டி, உடம்புக்குள்ளே இருக்கிறது. அது முள்தலைப் புழுவின் குஞ்சு. ஒரு ஒட்டுண்ணி.

அது முழுதாக வளர மீனின் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கூனி வெளிச்சத்தைக் கண்டால் பூண்டுக்குள் ஒளிந்துகொள்ளும். புழு புகுந்த கூனி ஒளியாது. வெளிச்சத்தைப் பார்த்து மேலே நீந்திப் போகும். மீன் கவ்விக்கொள்ளும். தன் இஷ்டப்படிதான் போகிறோம் என்று கூனி கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்குமோ என்னவோ. புழு உள்ள பெண் கூனி பெரும்பாலும் முட்டையே இடாது.

ஆகவே பத்துக்கு ஆறு என்பது நல்ல செய்தி இல்லை. நீ எழுதி வைத்திருப்பதை வாசிக்காதே. இது கூட்டத்துக்கு முன்பே உன் கையில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. வெந்நீர் அண்டா போல் புகைகிற ஆற்றை நினைத்துக்கொள்கிறேன்.

மதி


மொன்டானா,
5 ஜனவரி 2025

அக்காவுக்கு,

இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனதாரத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் டிசம்பர் 27 அன்று வந்தது. தாளில் 12 நவம்பர். உறையில் முத்திரை 6 டிசம்பர். கூட்டம் முடிந்து இரண்டு நாள். தபால் ஆபீஸில்தான் தாமதம் என்று என்னைச் சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். அப்புறம் வெந்நீர் அண்டா கண்ணில் பட்டது. நவம்பர் எட்டாம் தேதி நான் போட்ட அட்டை பன்னிரண்டாம் தேதி சேரப்பணஞ்சேரியில் இருக்காது, அக்கா.

கூட்டத்தில் சினை என்று நான் வாசிக்கவில்லை.

"மிகவும் நன்றாக இருக்கிறது" என்று அக்டோபரில் எழுதினாய். பிறந்ததிலிருந்து என் கோலத்தை, என் கையெழுத்தை, நான் மடித்த புடவையை, எதையாவது நீ நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாயா? நீ திட்டட்டும் என்றே செப்டம்பர் கடிதத்தில் "எண்ணி பார்த்தேன்" என்று ஒரு ப்-பை விட்டு வைத்திருந்தேன். நீ அதைக்கூடத் தொடவில்லை. படித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைக்குப் போய், குப்பியிலிருந்த கூனிகளை ஒவ்வொன்றாக மல்லாத்தினேன். நண்டைத் திருப்புகிற மாதிரி. வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆண் கூனியிலும் அதே புள்ளி. ஊசியால் தொட்டேன். புள்ளி தனியாக வந்து விழுந்தது, முட்டை இல்லை, ஏதோ புழு. அதற்குப் பிறகுதான் அந்தப் பட அட்டையை எழுதினேன். நேராகக் கேட்டிருக்கலாம். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

கூட்டத்தில் புழு என்றே சொன்னேன். தண்ணீர்க் குறைப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்து அம்மா வந்து, திருப்பிப் பார்க்க யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். என் அக்கா என்றேன். பொய் இல்லை. மார்ச்சிலிருந்து வேலை.

நீ வேண்டாம் என்றது என்னிடம் வந்தது. நீ வேண்டும் என்றதும் என்னிடமே வந்தது. நான் கேட்டு வரவில்லை. திருப்பிக் கொடுக்கவும் எனக்கு வழி தெரியவில்லை. தினமும் கூனிகளை பார்க்கும்போது, இது அக்கா உட்கார வேண்டிய நாற்காலி என்று தோன்றாமல் ஒரு நாளும் எழுந்ததில்லை. அதற்காக நான் எழுந்து நிற்க முடியாது. எனக்கும் அது பிடித்துவிட்டது.

பதில் எழுதுவதாக இருந்தால் என்னைப் பாராட்டி எழுதாதே.

வாணி


சேரப்பணஞ்சேரி,
1 பிப்ரவரி 2025

வாணிக்கு,

மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. உன் உடம்பைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நீ எழுதவில்லை. எழுது.

அந்தக் கடிதத்தை டிசம்பர் 5ஆம் தேதி கம்பெனி பஸ்ஸில் எழுதினேன். தேதியை மாற்றிப் போட்டேன். மறுநாள் தபாலில் சேர்த்தேன். போட்டோவை மறுபடி பார்த்தபோது கவனித்ததாக எழுதியது பொய். உறையைப் பிரித்து எடுத்த உடனே தெரிந்துவிட்டது. ஏழு வாரம் தெரிந்துகொண்டே இருந்தேன். தினமும் ஷிஃப்டு முடிந்து லாக்கரிலிருந்து போன் என் கைக்கு வரும். ஒரு நிமிடம் போதும். கடிதத்தில் உள்ளதைப் போனில் பேசக் கூடாது என்று நீ வைத்த நிபந்தனை இருக்கிறதே என்று சொல்லிக்கொள்வேன். உன் நிபந்தனையை நான்தான் எவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினேன் பார்.

நீ அவமானப்பட வேண்டும் என்று நினைத்தேனா என்றால், ஆமாம், நினைத்தேன். அந்த மேஜையும் மைக்ராஸ்கோப்பும் உனக்குக் கிடைக்கக் கூடாது என்றும் நினைத்தேன். மாப்பிள்ளையை நினைத்து ஒரு நாளும் இப்படி எரிந்ததில்லை. என்னை எரித்தது அந்தப் பூச்சி உன் கையில் துள்ளியதுதான்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், புள்ளி உள்ள கிளிப் ஒன்றை ஓகே பெட்டியில் போட்டுவிட்டேன். ஷெர்லின் எடுத்துக் காட்டினாள். "இன்னாக்கா, உனுக்கே தெரிலயா?" என்றாள். தெரியாமல் போடவில்லை. போட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். அவளிடம், "கண்ணு சரியில்ல" என்றேன். "கண்ணு நல்லாத்தான் கீது. உனுக்கு வேற இன்னாவோ" என்று சொல்லி அவளே சிவப்புப் பெட்டியில் போட்டாள்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி மூன்று தாள் வீணாகிவிட்டது. அதனால் வேலைக்கு வருகிறேன்.

உன் படம் என்.ஜி.

கால் ஆறு ஜோடிதான் போட்டிருக்கிறாய். ஏழு. இதையும் அக்டோபரிலேயே பார்த்தேன். கொம்பு இரண்டு ஜோடி, நீ வரைந்தது ஒன்று. கண் வட்டமாக இருக்கக் கூடாது, அவரை விதை மாதிரி வளைந்திருக்க வேண்டும். என் நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தை வெட்டி இதனுடன் வைத்திருக்கிறேன். செத்ததைப் பார்த்து வரைந்தது. உயிரோடு இருப்பதோடு நீ ஒப்பிட்டு, நான் எங்கே தப்பாக வரைந்திருக்கிறேன் என்று எழுது.

"கூனிகளை பார்க்கும்போது" இல்லை. "கூனிகளைப் பார்க்கும்போது".

அக்கா,
மதி